கடலில் வெள்ளைக் கல் கிடைக்கும்

ஆன்லைன் பயிற்சி என்றாலே எனக்கு எரிச்சல் வரும். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லித்தரும் மையம் ஒன்றை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடத்துகிறேன். ஜெயங்கொண்டத்திலிருந்து வரதராஜன்பேட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, முந்திரிக்காடு தொடங்குகிற இடத்தில் இறங்கினால் எங்கள் ஊர். பகலில் தையல், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மையம் என்று என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள், மதியம் இரண்டு மணிக்குச் செல்போனில் பயிற்சி என்று செய்தி வந்தது தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பு. வீட்டில் ஜாக்கெட் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. இவர்களுக்கு வேறு மாதமே கிடைக்கவில்லையா என்று போனைப் பார்த்துத் திட்டினேன்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துத் தன்னார்வலர்களையும் ஒரே குழுவில் சேர்த்திருந்தார்கள். சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் பேசுவார். குரலை வைத்துச் சொன்னால் முப்பது வயதுகூட இருக்காது. பெரியவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஒரு படம் காட்டுவார். அதில் அம்புக்குறிகள் வட்டமாக ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருக்கும். எங்கள் ஊரில் யாரும் வட்டமாகக் கற்று நான் பார்த்ததில்லை. நான் போனை மெஷின் மேல் சாய்த்து வைத்து, மைக்கை அணைத்துவிட்டு, கொக்கி தைத்துக்கொண்டே கேட்பேன். கேட்பேன் என்று சொல்வதுகூட அதிகம்தான். வருகைப் பதிவில் பெயர் விழுந்தால் போதும் என்று உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். அவர் பேச்சை நிறுத்திவிட்டு, "யாரோ மோட்டார் போட்டுருக்கீங்க போலருக்கு, கொஞ்சம் மியூட் பண்ணிக்கிறீங்களா?" என்றார். அது என் தையல் மெஷின். "வயலுக்குத் தண்ணி பாயுதுங்க சார், அணைக்க முடியாது" என்று யாரோ ஒருவர் விளையாட்டுக்குச் சாட்டில் எழுத, நாற்பது பேர் சிரிக்கிற மஞ்சள் முகத்தைப் போட்டார்கள். நான் சத்தம் காட்டாமல் மைக்கை அணைத்தேன். அந்தப் பயிற்சியிலிருந்து எனக்கு ஒன்றும் வந்து சேரப் போவதில்லை என்று அன்றைக்கு முடிவே கட்டிவிட்டேன்.

என் மையத்துக்குப் பதினான்கு பேர் வருவார்கள். எல்லாரும் பெண்கள். அவர்களில் ஒரு அக்காவைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவள். முந்திரிக்கொட்டை உடைக்கிற கொட்டகையில் வேலை. கொட்டையின் ஓட்டிலிருந்து கசிகிற எண்ணெய் தோலைத் தின்றுவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் விரல்கள் கறுத்துப்போகும், நுனியில் ரேகை தேய்ந்துபோகும். ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷினில் இவள் எந்த விரலை வைத்தாலும் அது ஏற்பதில்லை. வீட்டுக்காரர் வந்து வைத்தால்தான் அரிசி. "படிக்காதவள கைநாட்டுன்னு சொல்லுவாங்க. எனக்கு அதுவும் இல்ல டீச்சரு, அந்த மெஷினு கணக்குல நான் ஆளே இல்ல" என்று சேர்ந்த முதல் நாள் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிக்கும்போது கூடச் சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது.

அவள் படிக்க வந்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. காலில் ஆறாத புண். மாதம் ஒரு முறை அரியலூருக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவாள். அவரைக் கீழே உட்காரவைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு வாங்க இவள் மாடி ஏற வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடும்போது பக்கத்தில் இல்லாதவர்களின் சீட்டுகள் ஒரு தட்டில் கிடக்கும். அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு முறை இவள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மேலே போவதற்குள் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். மேலாக இருந்த சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருக்கிறாள். டாக்டர் பார்த்துவிட்டு, "இது யாரோ பொம்பளையோட சீட்டும்மா" என்றாராம். வரிசையில் இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு முழுவதும் அவளுடைய வீட்டுக்காரர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"சீட்டு படிக்கணும் டீச்சரு, அத மட்டும் சொல்லிக் குடு" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. "எல்லாம் வரிசையா வரும்க்கா, மொதல்ல எழுத்து, அப்பறம் சொல்லு, அப்பறம்தான் சீட்டு" என்றேன். அவளும் தலையாட்டிவிட்டு, கறுத்த விரல்களால் பலப்பத்தைப் பிடித்து, வரிசையாகவே படித்தாள். நான்கு மாதத்தில் பதினான்கு பேரில் அவள்தான் முதல். நோட்டில் கோடு தப்பாமல் எழுதுவாள். வீட்டுப்பாடம் ஒரு நாளும் விட்டதில்லை.

பயிற்சியின் ஐந்தாவது வாரத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். மையத்தில் படிக்கிற ஒருவர் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதை மூன்று நிமிடம் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். தையல் மெஷின் ஓட்டினதற்குச் சிரித்தவர்களுக்கு என் மையத்தின் லட்சணத்தைக் காட்ட இதுதான் சமயம் என்று எனக்கு வீம்பு வந்துவிட்டது. அக்காவையே உட்காரவைத்தேன். அவளும் தலையில் பூ வைத்துக்கொண்டு வந்தாள்.

அந்தப் பாடத்தில் ஒரு வாக்கியம். 'கடலில் ______ கிடைக்கும்' என்று வரும். நான் வெற்றிடம் விட்டிருக்கிற இடத்தில் மூன்றெழுத்தில் ஒரு சொல். பக்கத்தில் திறந்த சிப்பிக்குள் வெள்ளையாக, உருண்டையாக ஒன்று படம் போட்டிருக்கும். அது என்ன சொல் என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அதை நான் இங்கே எழுதாமல் விடுகிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

அக்கா முதல் நான்கு வரியைக் கணீரென்று படித்தாள். ஐந்தாவது வரிக்கு வந்ததும், "கடலில் வெள்ளைக் கல்லு கெடைக்கும்" என்றாள்.

"புத்தகத்துல என்ன இருக்கோ அதப் படிங்கக்கா" என்றேன். மறுபடி எடுத்தோம். மறுபடியும் வெள்ளைக் கல். மூன்றாம் முறை, "கடலில்" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, "கெடைக்கும்" என்று முடித்துவிட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி, "அத வுடு டீச்சரு, அடுத்த வரியப் படிக்கச் சொல்லு" என்றாள். எனக்கு நேரமாகிவிட்டது. இரண்டாவதாக எடுத்ததையே அனுப்பிவைத்தேன். முழுவதும் ஜோராகப் படித்திருக்கிறாள், ஒரு சொல்லை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கவனித்தார்கள். அடுத்த வகுப்பில் அந்த வீடியோவையே எல்லாருக்கும் போட்டுக் காட்டினார் பயிற்சியாளர். கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "இந்த அம்மா நல்லா முயற்சி பண்றாங்க. ஆனா கவனிங்க, இவங்க எழுத்தப் படிக்கல. படத்தப் பார்த்து ஊகிக்கிறாங்க. பாடத்த மனப்பாடம் பண்ணியிருக்காங்க. நெறைய மையத்துல நடக்கிறதுதான். படத்த மறைச்சுட்டுப் படிக்கச் சொல்லுங்க, தெரிஞ்சுரும்." நூற்றுச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் முகம் திரையில் தெரியாதபடி கேமராவை அணைத்துவிட்டேன். காது மட்டும் சுட்டது.

அந்தக் கோபத்தை நான் சென்னைக்காரர் மேல் காட்டியிருக்கலாம். அவர் எட்டாத தூரத்தில் இருந்தார். அன்று சாயங்காலம் மையத்துக்குப் போனதும், அக்காவின் முன் புத்தகத்தை விரித்து, சிப்பியின் மேல் என் உள்ளங்கையை வைத்து மூடினேன். "இப்பப் படிங்க" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. நான் விடவில்லை. "நாலு மாசமா படத்தப் பாத்துதான் அளந்துவுட்டீங்களா? ஆஸ்பத்திரி சீட்டுல ஒங்களுக்குப் படம் போட்டுத் தர மாட்டாங்கக்கா" என்றேன். பதிமூன்று பேர் முன்னால் சொன்னேன்.

அவள் நோட்டையும் பென்சிலையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நான்கு நாள் யாராவது வராமல் இருந்தால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை அதை எழுதப் பதிவேட்டைத் திறந்தேன். அவளுடைய வரிசையைத் தேடினேன். பெயர், வயது, க/பெ என்று கட்டங்கள் இருக்கும். க/பெ என்றால் கணவர் பெயர். அந்தக் கட்டத்தில் நீல மையில், என் கையெழுத்தில், ஆதார் அட்டையைப் பார்த்து நானே எழுதிய அதே மூன்றெழுத்து இருந்தது.

ஊரில் அவரை எல்லாரும் மோட்டார்க்காரர் என்றுதான் சொல்வார்கள். புண் வருவதற்கு முன் அவர் பம்புசெட் ரிப்பேர் பார்த்தவர். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நான் அவரை மாமா என்றே கூப்பிட்டுப் பழகியவள். அவருக்கு ஒரு பெயர் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதை எழுதியும் இருக்கிறேன், எழுதியதை ஒரு நாளும் படிக்கவில்லை. வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் எங்கள் பக்கத்தில் இன்னும் நிறையப் பேர். அந்தப் பெயர் ஒரு பொருளுக்கு இருந்தால் அந்தப் பொருளையும் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். என் அம்மாவே அப்படித்தான். இதெல்லாம் தெரிந்த நான்தான், அவளை வாயைத் திறந்து சொல்லச் சொல்லி மூன்று முறை வீடியோ எடுத்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. போன வருடம் ஒருத்தி மூன்றாவது பாடத்தோடு நின்றுபோனாள். அவளுக்கு நேராக 'ஆர்வமில்லை' என்று நான் எழுதியிருந்தேன். அந்தப் பாடத்தில் என்னென்ன சொல் இருந்தது என்று புரட்டிப் பார்க்க அன்றைக்கு எனக்குத் துணிச்சல் வரவில்லை. பதிவேட்டை மூடிவைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் முந்திரிக் கொட்டகைக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். நான் அவள் எதிரில் குந்தினேன். "அக்கா, எம்மேலதான் தப்பு. பதிவேட்டப் பாத்தேன்" என்றேன்.

கட்டையால் ஒரு கொட்டையைத் தட்டி, பருப்பு உடையாமல் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "நீதான டீச்சரு எழுதுன. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். தெரிஞ்சுக்கிட்டே நாலு பேரு முன்னாடி என்னைய அசிங்கப்படுத்துறியேன்னு இருந்துச்சு."

"தெரியலக்கா. சத்தியமா தெரியல."

"படத்தப் பாத்து அளந்தேங்குற." அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. கையைச் சாம்பலில் துடைத்துவிட்டு எழுந்துபோய், ஆணியில் மாட்டியிருந்த மஞ்சள் பையை எடுத்துவந்தாள். நான்கு நாளாக மையத்துக்கு வராதவள் அந்தப் பையை வேலைக்கு ஏன் எடுத்துவந்தாள் என்று எனக்குத் தோன்றியது, கேட்கவில்லை. நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி என்னிடம் நீட்டினாள். நான் ஒரு நாளும் திருத்தாத கடைசிப் பக்கங்கள். ஒவ்வொரு வரியிலும் அந்த மூன்றெழுத்து. முதல் பக்கத்தில் எழுத்துகள் காலும் கையும் கோணிக் கிடந்தன. அடுத்த பக்கத்தில் கொஞ்சம் நிமிர்ந்திருந்தன. ஏழாவது, எட்டாவது பக்கத்தில் அச்சடித்த மாதிரி இருந்தன.

"சேந்த ரெண்டாவது நாளே அவரோட ஆதாரு அட்டையப் பாத்து எழுதத் தொடங்குனேன். நீ அ, ஆ சொல்லிக் குடுத்த. நான் வூட்டுல இத எழுதுனேன். எழுதச் சொல்லு, கண்ண மூடிக்கிட்டு எழுதுறேன். அம்பது சீட்டக் கொட்டு, பொறுக்கி எடுத்துத் தரேன். வாயால மட்டும் சொல்லச் சொல்லாத."

வரிசையாகத்தான் வரும் என்று நான் சொன்ன பாடத்தை, முதல் வாரத்திலேயே அவள் தானாகப் படித்து முடித்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த முதல் சொல்லையே நான் தெரியாது என்று பதிந்து, வீடியோவும் எடுத்து, இரண்டு மாவட்டத்துக்கு அனுப்பியிருக்கிறேன். "திங்கக்கிழமை வாங்கக்கா" என்றேன். "பாப்போம்" என்றாள். பக்கத்தில் உடைத்துக்கொண்டிருந்தவள், "வருவா, வருவா, போ டீச்சரு" என்றாள்.

திங்கட்கிழமை மதியம் பயிற்சி. அன்றைக்கு மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டேன். பயிற்சியாளர் வணக்கம் சொல்லி முடித்ததும் மைக்கைத் திறந்தேன். இத்தனை வாரத்தில் நான் பேசுவது அதுதான் முதல் தடவை. "சார், நான் அனுப்புன வீடியோவுல நீங்க சொன்னது தப்பு. நானும் தப்பாத்தான் புரிஞ்சுக்கிட்டேன்" என்று ஆரம்பித்து, நடந்ததை மொத்தமும் சொன்னேன். நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தேன். அதையும் போட்டேன்.

நான் பேசி முடித்ததும் ரஞ்சன்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தன்னார்வலர் மைக்கைத் திறந்தார். "எங்க மையத்துல ஒரு அம்மா, நகைக்கடையில விக்கிறத அந்தப் பேரச் சொல்லிப் படிக்கவே மாட்டேங்குறாங்க. மஞ்சளா ஒண்ணு வாங்கினாள்னு படிக்கிறாங்க. மாமியார் பேரா இருக்குமோ?" என்றார். அவருக்கே அது அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், குரல் கடைசியில் இறங்கியது. அதன் பின் சாட் நிற்கவில்லை. நிலாவை வெளிச்சம் என்று படிப்பவள், வேல் என்ற சொல்லில் மட்டும் வாயை மூடிக்கொள்பவள், ராசாவைக் கிரீடக்காரர் என்பவள். ஒருவர், "நான் மூணு பேருக்குக் கண் டெஸ்ட் எடுக்கச் சொல்லி அனுப்பிட்டேன்" என்று எழுதினார். இந்த முறை சிரிப்பு முகத்தை யாரும் போடவில்லை.

ஒரு இளம்பெண், இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும், பெயரைச் சொல்லவைப்பதுதான் கல்வி என்று எழுதினாள். எனக்கு அந்தப் பெண் மேல் கோபம் வரவில்லை. நானும் அந்தக் கட்சிதான். என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன், அதற்கு என் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் சொல்வதும் சொல்லாததும் அந்த அக்காவின் வாய். அதைத் திறக்க என் பாடப்புத்தகத்தைக் கடப்பாரை ஆக்க நான் தயாராக இல்லை என்று சொன்னேன்.

பயிற்சியாளர் அதுவரை சாட்டில் வந்ததை எல்லாம் படித்துக்கொண்டிருந்தார். "இது எங்க பாடத்துல எங்கயும் இல்லைங்க. எனக்கு இது தெரியாது" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் அவர் மேல் இருந்த கடுப்பு எனக்குப் பாதி இறங்கிவிட்டது. "என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்" என்றார். அன்றைக்கு அம்புக்குறிப் படம் வெளியே வரவே இல்லை. சொல்ல முடியாத சொல்லை எழுதிக் காட்டட்டும் என்றார் ஒருவர். நாம் சொல்லி, அவர்கள் விரலால் தொட்டுக் காட்டட்டும் என்றார் இன்னொருவர். படிப்பு முடிவில் வைக்கிற பரீட்சையில் வாய்விட்டுப் படிக்கிற பகுதிக்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்ன பயிற்சியாளர், இரண்டு நாளில் கேட்டும் சொன்னார்: எழுதிக் காட்டினாலும் படித்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். அடுத்த வகுப்பில் அவருடைய படத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது. 'ஒருவர் ஒரே சொல்லில் திரும்பத் திரும்ப நின்றால், முதலில் பதிவேட்டைப் பாருங்கள்.' யார் சொன்னது என்று போடவில்லை. எனக்கு அது போதும் என்றிருந்தது.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா மையத்துக்கு வந்தாள், ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நான் பாடத்தை நிறுத்தவில்லை. வகுப்பு முடியும்போது, நாளைக்கு வரிசைப் பாடம் வேண்டாம் என்று சொல்லி, அவரவர் வீட்டிலிருந்து ஒரு சீட்டுக் கொண்டுவரச் சொன்னேன். மறுநாள் கரண்டு சீட்டு, மருந்துச் சீட்டு, பஸ் டிக்கெட், ஒருத்தி கல்யாணப் பத்திரிகை என்று கொண்டுவந்தார்கள். மையம் நடத்தத் தொடங்கியதிலிருந்து அன்றைக்குத்தான் யாரும் நேரத்தைக் கேட்கவில்லை. பிறகு வந்த பரீட்சையில் அக்கா எல்லா வரியையும் படித்தாள். அந்த இடம் வந்ததும் பென்சிலை எடுத்து, எழுதி, பரீட்சை வைக்க வந்தவர் பக்கம் திருப்பிவைத்தாள். அவர் பார்த்து, டிக் போட்டார்.

ஆனால் அவள் பரீட்சைக்காகப் படித்தவள் இல்லை. அடுத்த மாதம் ஆஸ்பத்திரி நாள் வந்தபோது, "நீயும் வா டீச்சரு. ஆனா வாயத் தெறக்கக் கூடாது" என்றாள். போனேன். மாமாவைக் கீழே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மாடி ஏறினோம். கூப்பிட்டு முடியட்டும் என்று வேண்டுமென்றே நின்றாள். கூட்டம் கலைந்த பின் தட்டின் பக்கம் போனாள். ஏழெட்டுச் சீட்டு கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்து, கீழே வைத்தாள்.

அந்தப் பெயரில் இரண்டு சீட்டு இருந்தன. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பெயரை விட்டுவிட்டு, பெயருக்கு முன்னால் இருந்த ஓர் எழுத்துக்குக் கறுத்த விரலை நகர்த்தினாள். ஒன்றில் கா. இன்னொன்றில் சு. மாமனாருடைய பெயரின் முதல் எழுத்து. அதையும் அவள் வாயால் சொல்ல மாட்டாள். உதட்டை இறுக்கிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கா இருந்ததை எடுத்துக்கொண்டாள். மற்றதை, அதற்கு உரியவர் கண்ணில் படுகிற மாதிரி, தட்டில் மேலாக வைத்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "யாரோட சீட்டு எடுக்குறீங்க? பேரு சொல்லிட்டு எடுங்கம்மா" என்றாள். அக்கா அவளிடமே பேனாவை வாங்கி, பையில் இருந்த போன மாதச் சீட்டின் பின்புறத்தில் முதல் எழுத்தோடு சேர்த்து எழுதி நீட்டினாள். அந்தப் பெண் பார்த்தாள். "இவ்ளோ அழகா எழுதுறீங்க, வாயால சொன்னா என்ன?" என்று சிரித்தாள்.

"எழுதத்தாம்மா படிச்சேன்" என்றாள் அக்கா.

கீழே வந்து மாமாவிடம் சீட்டைக் கொடுத்தாள். அவருக்கும் படிக்கத் தெரியாது என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தார். அவள் அதை நேராகத் திருப்பி, ஓர் இடத்தில் விரலை வைத்து, "இதுதான் நீங்க" என்றாள். அவர் வெகுநேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோர இடத்தைக் கொடுத்தார்.

போன வருடம் மூன்றாம் பாடத்தோடு நின்றவள் வீட்டுக்கும் போய்வந்தேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். "வேல இருக்கு டீச்சரு, பாப்போம்" என்றாள். அந்தப் 'பாப்போம்' எந்தப் பாப்போம் என்று இன்னும் தெரியவில்லை. மறுபடி போவேன்.

இதை எழுதி முடித்ததும் ஜெயங்கொண்டத்தில் ஜெராக்ஸ் கடையில் தாளில் அச்செடுத்து, அக்காவிடம் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுதிவிட்டு அவளிடம் காட்டாமல் இருப்பது சரியில்லை. அந்தச் சொல் வர வேண்டிய இடத்தில் மட்டும் அவளுக்கு மரியாதையாக, தாளில் கொஞ்சம் வெற்றிடம் விட்டிருந்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்கு ஐந்து நாள் ஆயிற்று. ஆறாம் நாள் மையத்துக்குத் தாள்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"எல்லாஞ் சரி. இங்க ஏன் எடத்த வுட்டு வச்சிருக்க?"

"நீங்க படிப்பீங்களேன்னுதான்க்கா."

"வாயாலதான டீச்சரு சொல்ல மாட்டேன். கண்ணால படிக்கறதுக்கு என்ன? எத்தன தரம் படிச்சிருக்கேன்." என் பேனாவை எடுத்தாள். வெற்றிடத்தில் அந்த மூன்றெழுத்தை எழுதினாள். ஒரு கணம் யோசித்து, முன்னால் கா போட்டுப் புள்ளியும் வைத்தாள். தாளைப் பிடித்திருந்த கட்டைவிரலின் தடம் ஓரத்தில் கறுப்பாக விழுந்திருந்தது. அதில் ஒரு ரேகையும் இல்லை. அச்சில் உங்களுக்கு அந்த இடம் காலியாகத்தான் இருக்கும். என்னிடம் இருக்கும் தாளில் அவள் எழுதியது இருக்கிறது.